அடிக் கிண்ணத்தில ஒரு கல்லு

சித்திரை 22

ஸ்கான் றிப்போர்ட் கைக்கு வந்திட்டுது. வலது சிறுநீரகத்தில 11 மில்லிமீற்றர் கல்லு. போன வருசம் அண்ணருக்கும் அதே 11 தான். வெட்டாம வெளிய இருந்து அடிச்சுக் கல்லை உடைக்கிற அதிர்வலை ஒரே ஒரு தடவை குடுத்தது, பத்து நாளில எல்லாம் சலத்தோட போட்டுது. “பயப்பிடாத, ஒரு மணித்தியால வேலை” எண்டு ஃபோனில சொன்னார். மனுசி நல்லூரானுக்கு நேர்ந்து வைச்சிருக்கிறா.

வைகாசி 6

முடிஞ்சுது. மேசையில மல்லாக்கக் கிடத்தி, முதுகுக்குக் கீழ தண்ணிப் பை மாதிரி ஒண்டைக் கொண்டுவந்து ஒட்டிச்சினம். பிறகு டக், டக், டக். றப்பர் பட்டியை இழுத்துவிட்ட மாதிரி விலாவில ஒரு சுண்டு. நிமிசத்துக்கு 60 அடி, மொத்தம் 3000. கெதியா அடிச்சா கல்லு வடிவா நொருங்காதாம். ஐம்பது நிமிசமும் கூரையில நிண்ட பல்லியைப் பாத்துக்கொண்டு கிடந்தன்.

1980 மாசியில மியூனிக் நகரத்திலதான் முதன்முதலா ஒரு ஆளுக்கு இப்பிடிக் கல்லு உடைச்சவை. அதுக்கு முந்தி எங்கட பெரியப்பாவுக்கு விலாவை வெட்டித்தான் எடுத்தது. அந்தத் தழும்பை நான் சின்னனில தொட்டுப் பாத்திருக்கிறன்.

வைகாசி 9

பழைய தேத்தண்ணி வடியில சலத்தை வடிச்சுப் பாக்கிறன். முதல்நாள் றோஸ் நிறம், இப்ப தெளிஞ்சிட்டுது. வடியில குருமணல் மாதிரி நாலைஞ்சு பொட்டு, விரலால நசிச்சா நறநறக்குது. அவ்வளவுதான். வெங்காயத்துக்கு இறைப்பு, வெய்யில் மண்டையைப் பிளக்குது. வேர்வையில போறதையும் சேத்துக் குடிக்கச் சொல்லியிருக்கினம்.

வைகாசி 27

எக்ஸ்ரே எடுத்தது. கல்லு மூண்டாய் உடைஞ்சிருக்கு. மூண்டும் இருந்த இடத்திலயே கிடக்கு.

மனம் விட்டுப்போய் வேற ஒரு டொக்டரிட்ட போனன். அவர் கடுதாசியில படம் கீறிக் காட்டினார். சிறுநீரகத்துக்குள்ள சலம் முதல்ல சின்னச் சின்னக் கிண்ணங்களில சேருது. கிண்ணமெல்லாம் நடுவில ஒரு புனலுக்கு வாய் திறக்கும், புனலில இருந்து குழாய் கீழ இறங்கும். அண்ணற்ற கல்லு புனலுக்குள்ளயே கிடந்ததால உடைஞ்ச தூள் நேரா குழாய்க்குப் போட்டுது. என்ர கல்லு அடிக் கிண்ணத்தில. அதின்ர வாய் மேல்பக்கம், அதனால தூள் வெளிய வர முதல்ல மேல ஏற வேணும். எங்கட வளவுச் சீமெந்துத் தொட்டியில பைப் அடியில இருந்து நாலு விரல் உயரத்திலதான் பூட்டியிருக்கு. தண்ணி முழுக்க ஓடினாலும் அடி மண் அப்பிடியே கிடக்கும். இதுவும் அதுதான். சாயம் ஏத்தி எடுத்த படத்தில கிண்ணத்தின்ர கழுத்து 4 மில்லிமீற்றர். 5க்குக் குறைஞ்சா கஷ்டமாம். கழுத்து திரும்புற கோணமும் ஒடுக்கம். கல்லின்ர இறுக்கம் எண்டு பாத்தா ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒண்டுதான்.

வைகாசி 29

நித்திரை இல்லை. அவர் சொன்ன ஆய்வை மகளைக் கொண்டு தேடி எடுப்பிச்சன். 2001 இல வந்தது. அடிக் கிண்ணக் கல்லு உள்ள ஆக்களை மூண்டு மாதம் கழிச்சுப் பாத்தா, அதிர்வலை குடுத்ததில 37 வீதம் பேருக்குத்தான் கல்லு முழுக்கப் போயிருக்கு. முதுகால துளை போட்டு எடுத்ததில 95 வீதம். 10 மில்லிமீற்றருக்கு மேல எண்டா அதிர்வலைக்கு 33 பேரில 7 பேர்தான். எனக்கு 11.

முதல் போன இடத்தில இதில ஒரு சொல்லும் சொல்லேல்லை. “11 தானே, உடைச்சிடலாம்” எண்டதுதான் கதை. சின்னக் கல்லெண்டா அடிக் கிண்ணத்திலயும் அடிச்சுப் பாக்கலாம், அதில பிழையில்லை. ஆனா கல்லு எந்தக் கிண்ணத்தில கிடக்கு, கழுத்து எவ்வளவு அகலம் எண்டு ஆளுக்குச் சொல்லிப்போட்டு அடிக்க வேணும். வாசிக்கிற ஆருக்கும் கல்லு இருந்தா, அளவைக் கேட்ட கையோட இடத்தையும் கேளுங்கோ.

ஆனி 3

டொக்டர் சொல்லித்தந்தபடி, நிறையத் தண்ணி குடிச்சு அரை மணித்தியாலம் கழிச்சு, தலை பதிய, இடுப்பு உயரக் குப்புறப் படுக்கிறன். மனுசி கையைக் குவிச்சு வலப் பக்க முதுகில தட்டுறா, பிள்ளைக்கு ஏவறை எடுக்கத் தட்டுற மாதிரி. கிண்ணத்தைக் கவிழ்த்தா தூள் வாய்ப்பக்கம் சரியுமாம். பத்து நிமிசத்தில அவவுக்குக் கை உளைஞ்சு போகும். “காணும்” எண்டாலும் விடமாட்டா.

ஆனி 26

ஒரு துண்டு போட்டுது! அரிசிக் குறுணல் அளவு, மண்ணிறம், ஒரு பக்கம் கூர். வடியில விழுந்த சத்தமே கேட்டது. மற்ற ரெண்டும் அசையேல்லை. திரும்ப அதிர்வலை வேண்டாம் எண்டு முடிவெடுத்தாச்சு. சலவாசலால வளையிற மெல்லிய குழாயை விட்டு, கிண்ணத்துக்குள்ளயே போய் லேசரால தூளாக்கி எடுக்கப் போகினம்.

அம்மாவுக்கு விளங்கப்படுத்த, “கிணத்துக்க விழுந்த வாளிக்குப் பாதாளக் கரண்டி விடுற மாதிரியண” எண்டன். “அப்ப முதலே அதை விட்டிருக்கலாமே மோனை” எண்டா.

நாளைக்குக் காலமை சலம் பரிசோதனைக்குக் குடுக்க வேணும். கிருமி இருந்தா திகதி தள்ளிப்போகும்.