அந்தப் பச்சைக் கோட்டு

2024 கிறிஸ்துமஸ் அன்று பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சாண்ட்ரிங்ஹாம் எஸ்டேட்டில் எடுத்த படங்கள் இன்று மறுபடி கண்ணில் பட்டன.

தேவாலயத்துக்கு வெளியே இளவரசர் வில்லியமின் மனைவி கேட் (Kate). பச்சைக் கோட்டு, கட்டம் போட்ட மஃப்ளர். செய்தி முழுக்க எந்த டிசைனர், என்ன விலை என்பதுதான்.

அந்தச் செப்டம்பரில்தான் தன் புற்றுநோய்க்கான கீமோதெரபி முடிந்துவிட்டதாக அவர் சொல்லியிருந்தார். மூன்றே மாதத்தில் குளிரில் வந்து நிற்கிறார். கூட்டத்தில் இருந்த, புற்றுநோயோடு வாழும் ஒரு பெண்மணியைக் கட்டியணைத்தார்.

அந்த அணைப்பை விட்டுவிட்டுக் கோட்டின் விலையை எழுத எப்படி மனசு வருகிறது?

உடையைப் பற்றிப் பேசவே கூடாது என்றில்லை. கூட்டத்தில் தள்ளி நிற்பவருக்கும் தன்னைத் தெரிய வேண்டும் என்றுதான் எலிசபெத் ராணி பளிச்சென்ற நிறங்களை உடுத்தினார். வந்து காத்திருந்தவர்களுக்கு அது ஒரு மரியாதை.

அப்புறம் ராணியின் மகள், இளவரசி ஆன் (Anne). 1981இல் சார்லஸ், டயானா திருமணத்துக்குப் போட்ட அதே உடையை 2008இல் இன்னொரு குடும்பத் திருமணத்துக்கும் போட்டு வந்தார். 27 வருஷம்!

அரச குடும்பத்தில் எனக்குப் பிடித்த ஃபேஷன் இதுதான். பத்திரிகைகள் இதையும் அதே ஆர்வத்தோடு முதல் பக்கத்தில் போடட்டும்.