பரவாயில்லை

"நீ என்ன நினைக்கிறாய்?" நான் கேட்டது இவ்வளவுதான். பதினைந்து வயதுப் பையனிடம், மேடையில், எண்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். அவன் "ஃபைன்" என்றான்.

அதைத் தமிழில் எழுதச் சொன்னால் 'பரவாயில்லை' என்றுதான் எழுதுவேன். நன்றாக இருக்கிறது என்பதற்கும் பரவாயில்லை, போகட்டும் விடுங்கள் என்பதற்கும் பரவாயில்லை. காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்பவரிடமும் அதையேதான் சொல்கிறோம். அவன் இதில் எதைச் சொன்னான் என்று மூன்று வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

காட்சி அவனுடையது. "உங்களுக்கு நடந்த ஓர் அநியாயத்தைக் கொண்டுவாருங்கள்" என்று எங்கள் நாடகப் பயிற்சியின் இரண்டாவது வாரம் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். மற்றவர்கள் மதிப்பெண், அண்ணன் தங்கைச் சண்டை, நாய் வளர்க்க அனுமதிக்காத அப்பா என்று கொண்டுவந்தார்கள். இவன் ஹெட்ஃபோன் வாங்கப் போன கதையைக் கொண்டுவந்தான். கடைக் காவலர் ஒரு வரிசை தள்ளி, அவன் நின்றால் நின்று, நடந்தால் நடந்து கூடவே வந்திருக்கிறார். அதை விவரிக்காமல் நடித்தே காட்டினான். ஜாக்கெட் பையிலிருந்து கைகளை எடுத்தான். உடம்பிலிருந்து சற்று விலக்கி, விரல்களை விரித்துவைத்துக்கொண்டு நடந்தான். அம்மா சொல்லிக்கொடுத்ததாம்: கடைக்குள் பையில் கைவிடாதே, தலையை மூடாதே, வாங்கியதன் ரசீதைக் கையிலேயே வைத்திரு. பல கறுப்பினக் குடும்பங்களில் பையன்களுக்குச் சொல்லப்படும் பாடம் இது. வெள்ளைப் பிள்ளைகள் அதை அன்றுதான் முதன்முதலில் கேட்டார்கள்.

அறை அமைதியானது. நிகழ்ச்சிக்கான காட்சி கிடைத்துவிட்டது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

நாங்கள் செய்தது பிரேசில் நாடக இயக்குநர் அகஸ்டோ போவால் உருவாக்கிய ஃபோரம் தியேட்டர். காட்சியை ஒரு முறை அதன் கெட்ட முடிவு வரை நடித்துவிடுவோம். இரண்டாம் முறை நடிக்கும்போது, பார்ப்பவர் யார் வேண்டுமானாலும் "நிறுத்துங்கள்" என்று எழுந்துவந்து, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறொன்றைச் செய்துபார்க்கலாம். நடத்துபவருக்கு ஜோக்கர் என்று பெயர். யாராவது நிஜத்தில் நடக்கவே முடியாத தீர்வைச் செய்தால், "இது நடக்குமா, இல்லை மந்திரமா?" என்று சபையைக் கேட்கவேண்டியது ஜோக்கரின் வேலை. ஜோக்கர் நான்.

"நிறுத்துங்கள்" என்று எழுந்தவள் ஒரு வெள்ளைப் பெண். எட்டு வாரமும் திரைச்சீலைக்கு வண்ணம் பூசிக்கொண்டு ஓரமாகவே இருந்தவள். அவன் மேடையோரம் ஒதுங்கினான். அவள் அவனுடைய இடத்தில் நின்று, இரண்டு கைகளையும் பைக்குள் விட்டாள். பிறகு திரும்பி, காவலராக நடித்தவனிடம், "உங்களுக்கு ஏதாவது உதவி வேண்டுமா?" என்றாள். கடை ஊழியர் வாடிக்கையாளரிடம் கேட்கும் அதே குரலில். நடித்தவன் தடுமாறி ஒரு அடி பின்னால் போனான். அரங்கம் குலுங்கிச் சிரித்தது, கைதட்டியது. நானும் தட்டினேன். உண்மையைச் சொன்னால், நேரமறிந்து செய்த அருமையான நகைச்சுவை அது.

மந்திரமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பெண் மறுபடியும் வண்ண டப்பாக்களிடமே போயிருப்பாள் என்று நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். ஒரு குழந்தையின் முதல் துணிச்சலை எண்பது பேர் முன்னால் 'இது செல்லாது' என்று சொல்ல ஆசிரியர் யாருக்கும் மனம் வராது. இது ஒரு காரணம். இன்னொரு காரணம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது. ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் கொன்ற பிறகு, 2020 கோடையில், அமெரிக்க நாடக நிறுவனங்கள் இனவெறிக்கு எதிராக வரிசையாக அறிக்கை வெளியிட்டன. அந்த அலையில் எங்களுக்கும் ஒரு அறக்கட்டளையின் பணம் வந்தது. இரண்டாம் வருடத்துக்கும் கொடுப்பதா என்று முடிவு செய்யவேண்டியவர்கள் அன்று வந்திருந்தார்கள். இரண்டில் எது என் வாயை அடைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கேட்காமல் விட்டதுகூடப் போகட்டும். கேட்கவேண்டிய கேள்வியை அவன் தலையில் இறக்கினேனே, அதுதான் உறுத்துகிறது. "நீ செய்தால் இப்படி முடியாது, இல்லையா?" என்பதை நான் சொல்லவேண்டியிருந்தது. அவன் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். சிரித்து முடித்த சபைக்கு முன்னால், கூடப் படிப்பவளின் வெற்றியை அவன் வாயால் உடைக்கவேண்டும் என்று எதிர்பார்த்தேன்.

போவாலே சொன்ன அனுபவம் ஒன்று உண்டு. அவருடைய குழு பிரேசிலின் வடகிழக்கில் விவசாயிகளுக்காக நாடகம் போட்டது. நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று மேடையில் பாடினார்கள். முடிந்ததும் விர்ஜிலியோ என்ற விவசாயி, உங்கள் துப்பாக்கிகளோடு வாருங்கள், பண்ணையாரின் ஆட்களை விரட்டுவோம் என்று கூப்பிட்டார். அவை நாடகத் துப்பாக்கிகள் என்று இவர்கள் நெளிந்தார்கள். அப்படியானால் நீங்கள் பாடிய ரத்தம் எங்களுடையது, உங்களுடையது அல்ல என்று அவர் புரிந்துகொண்டார். இந்தக் கதையை ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்கிறேன். அன்று காலைகூடச் சொன்னேன்.

அதற்கு மூன்று வாரம் முன்னால் நிர்வாகக் குழுவிடம் கறுப்பின அமெரிக்க நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சனைப் பற்றி ஒரு மணிநேரம் பேசியிருந்தேன். 1996இல் பிரின்ஸ்டனில் ஆற்றிய உரையில், நிறம் பாராமல் பாத்திரம் கொடுப்பதை அவர் எதிர்த்தார். கறுப்பினத்தவரின் வரலாற்றையும் இருப்பையும் இல்லையென்று ஆக்குவது அது என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அதே கட்டடத்தில் கறுப்பினப் பையனின் பாத்திரத்தில் வெள்ளைப் பெண்ணை நிற்கவைத்துக் கைதட்டியவளும் நான்தான்.

நான் வெள்ளைக்காரி அல்ல என்பது இதில் எனக்கு ஒரு வசதி. இன சமத்துவப் பணிக்கு என்னை எடுத்ததில் என் தோலுக்கும் பங்குண்டு. எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நிர்வாகம் எடுத்துக்கொண்டது, நானும் திருத்தவில்லை. ஆனால் என்னைக் கடைகளில் யாரும் பின்தொடர்வதில்லை. பெயரைத் தப்பாக உச்சரிப்பார்கள், அவ்வளவுதான்.

பிறகு வீடியோவைப் பார்த்தேன். "ஃபைன்" என்று சொல்லும்போது அவன் கைகள் உடம்பிலிருந்து சற்று விலகி இருக்கின்றன, விரல்கள் விரிந்திருக்கின்றன. காட்சி இன்னும் முடியவில்லை, நடிகனாகப் பாத்திரத்திலேயே நின்றிருக்கலாம். நல்ல நடிகன் அவன். என்னோடு வேலைசெய்யும் மூத்த கறுப்பின ஆசிரியை ஒருமுறைதான் பார்த்தார். "அம்மா கடைக்கு மட்டுமா சொல்லிக்கொடுத்திருப்பாள்?" என்று கேட்டுவிட்டு மடிக்கணினியை என் பக்கம் தள்ளினார்.

அறக்கட்டளைக்கான அறிக்கையில் அந்தப் பெண்ணின் துணிச்சலை எழுதினேன். 'காட்சியை வழங்கிய மாணவர் இதை வரவேற்றார்' என்றும் எழுதினேன். இரண்டாம் வருடப் பணம் வந்தது. அதை வைத்துத்தான் சேர்க்கைக் கட்டணத்தை நீக்கினோம், வீட்டுக்குப் போக பஸ் அட்டை கொடுத்தோம். அது நல்ல காரியமில்லை என்று யாராவது சொல்லட்டும்.

அந்த வருடம் விதியையும் மாற்றினேன். அந்த அநியாயத்தை அனுபவித்தவர்கள் மட்டும் மேடைக்கு வரலாம். போவாலின் எண்ணமும் அதுதான், நான்தான் தளர்த்தியிருந்தேன். பதினாறு பேரில் மூன்று பேர் கறுப்பினப் பிள்ளைகள். நான் விதியைச் சொன்னதும் பதின்மூன்று தலைகளும் அவர்கள் பக்கம் திரும்பின. மதியத்துக்குள் விதியைக் கைவிட்டேன்.

அவன் அந்த வருடமும் வந்தான். நடிக்கவில்லை, விளக்குப் பிரிவைக் கேட்டு வாங்கிக்கொண்டான். முதல் வாரமே, கறுத்த முகங்கள் பின்திரையில் கரைந்துபோகின்றன என்று சொன்னான். பத்து வருடமாக அந்த மேடையில் வேலைசெய்கிறேன், எனக்குப் பட்டதே இல்லை. முன்விளக்கைக் கூட்டச் சொன்னேன். அப்படிச் செய்தால் வெள்ளை முகங்கள் வெளிறிவிடும் என்றான். பக்கவாட்டில் இரண்டு விளக்குகளைத் தாழ்வாகக் கட்டினான். "உங்கள் நிறம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது மிஸ், நீங்கள் நில்லுங்கள்" என்று என்னை மேடைக்கு அனுப்பினான்.

இருபது நிமிடம் நின்றேன். அரங்கில் எங்களைத் தவிர யாருமில்லை, அன்று கேட்டுவிடலாம் என்றிருந்தேன். கண்ணில் வெளிச்சம் அடித்ததில் அவன் உட்கார்ந்திருந்த இடமே தெரியவில்லை. இருட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது, இடது பக்கம் இன்னும் ஓரடி என்று. நகர்ந்து நின்றேன்.