வீட்டு முயலைப் பூங்காவில் விட்டால் பிழைத்துக்கொள்ளாது

அடையாறு பக்கம் ஒரு பூங்காப் புதரிலிருந்து வெள்ளை முயல் ஒன்றைப் பிடித்து வந்திருக்கிறோம். நகங்கள் வளைந்து கிடந்தன. முன்பற்கள் உதட்டைக் குத்தும் அளவுக்கு நீண்டிருந்தன. முயலின் பற்கள் ஆயுள் முழுக்க வளரும். உலர்ந்த புல்லை நிறைய மென்றால்தான் தேயும். கேரட்டை மட்டும் கொடுத்து வளர்த்திருப்பார்கள் போலும், பாவம்.

தயவுசெய்து வளர்த்த முயலை இப்படிப் பூங்காவில் கொண்டுபோய் விடாதீர்கள். வீட்டு முயல் ஐரோப்பிய முயலின் வழிவந்தது. நம் ஊர்க் காட்டு முயல் வேறு இனம். சென்னை வெயிலும் தெருநாயும் இதற்கு எமன்.

பல்லைச் சரிசெய்தாயிற்று. இப்போது கொத்தமல்லித் தழையைக் கண்டால் ஓடி வருகிறது! நல்ல வீடு தேடுகிறோம். எட்டுப் பத்து ஆண்டுகள் வைத்துப் பார்ப்பவர்கள், கூண்டுக்கு வெளியே ஓடியாட இடம் கொடுப்பவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். பிறந்தநாள் பரிசுக்கென்று கேட்பவர்களுக்குக் கொடுப்பதாக இல்லை.