மஞ்சள் கேசட்டைத் தூக்கிப் போடாதீங்க

பழைய வீடியோ கேம் சேர்க்கிற நண்பர்கள் பலருக்கு ஜப்பான் ஒரிஜினல்னாதான் மதிப்பு. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. 1983-ல நின்டெண்டோ ஜப்பான்ல ஃபேமிகாம்ங்கிற டிவி கேம் கருவியை விட்டுச்சு. தொண்ணூறுகள்ல நம்ம வீட்டு டிவிக்கு வந்தது பெரும்பாலும் அதோட நகல்தான். மாரியோ, கான்ட்ரா, பேட்டில் சிட்டி எல்லாம் நமக்கு அறிமுகமானது அந்த 60 பின் (கேசட் அடியில வரிசையா இருக்கிற உலோகத் தொடுமுனை) மஞ்சள் கேசட்லதான். நம்ம ஊரு கேம் வரலாறுன்னா அதுதான், அதையும் சேர்த்து வைக்கணும்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவங்க கட்டாயம் ஓட்டிப் பார்த்து வாங்குங்க. நகல் கேசட்டைத் திறந்தா சிப் தெரியாது, பலகை மேல கறுப்புப் பிசின் ஒரு சொட்டு உறைஞ்சிருக்கும். சிப் அதுக்கு அடியில. அது போச்சுன்னா சரி பண்ண வழியில்ல. '9999 இன் 1' ஸ்டிக்கருக்காக அதிகம் கொடுக்காதீங்க. உள்ள இருக்கிற சில கேமையே வேற வேற லெவல்ல இருந்து ஆரம்பிச்சுக் கணக்குக் காட்டியிருப்பாங்க.

படம் வரலையா, ஊதாதீங்க! வாய் ஈரம் பின்னை அரிக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல பட்ஸை நனைச்சுத் துடைங்க, முழுசா காயவிட்டுப் போடுங்க. முக்கால்வாசி கேசட் இதுலயே உயிர் பெறும்.

பரண்ல பழைய கேசட் வச்சிருக்கிறவங்க காயலான் கடைக்குப் போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. ஓடாததா இருந்தாலும் நல்ல விலை தர்றேன்.