முழுதானியம் சாப்பிட்டால் மனசு சரியாகிவிடுமா?

மனச்சோர்வு என்று யாராவது வாயைத் திறந்தாலே, "ஓட்ஸ் சாப்பிடு, செரட்டோனின் ஏறும்" என்று சொல்ல ஒருத்தர் வந்துவிடுகிறார். செரட்டோனின் மனநிலையோடு தொடர்புள்ள ஒரு ரசாயனம். உடம்பில் உள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது, அதனால் குடலைக் கவனித்தால் மனசு தெளிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. முதல் பாதி உண்மைதான். ஆனால் குடலில் உருவாகும் செரட்டோனின் மூளைக்குள் போகாது, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பு அதை விடாது. தனக்கு வேண்டியதை உணவுப் புரதத்தில் இருக்கும் டிரிப்டோபான் என்ற பொருளிலிருந்து மூளையே செய்துகொள்கிறது.

அப்போ சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது, சுற்றி வளைத்து. ஒரு கோதுமை மணியில் வெளியே தவிடு, ஒரு முனையில் துளியளவு முளைக்கரு, மீதி பெரும்பாலும் மாவுச்சத்து. வெள்ளை மாவாக்கும்போது முதல் இரண்டையும் நீக்கிவிடுகிறார்கள், கூடவே நார்ச்சத்து, மெக்னீசியம், பி வைட்டமின்கள் எல்லாவற்றிலும் பெரும்பகுதி போய்விடுகிறது. நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களை உண்டாக்குகின்றன, அவை உடம்பின் உள்ளே உண்டாகும் அழற்சியை (inflammation) கட்டுக்குள் வைக்க உதவுகின்றன. மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு அழற்சி அதிகமாக இருப்பதும் தெரிந்த விஷயம்தான்.

அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற சுமார் 70,000 பெண்களின் தரவை வைத்து 2015இல் ஒரு ஆய்வு வந்தது. தீட்டிய தானியம் அதிகம் சாப்பிட்டவர்களுக்குப் புதிதாக மனச்சோர்வு வருவது கூடுதலாகவும், நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் குறைவாகவும் இருந்தது. சரி, ஆனால் எது எதற்குக் காரணம்? மனசு சரியில்லாதபோது யார் உட்கார்ந்து முழுதானியம் ஊறவைத்து வேகவைக்கிறார்கள்? பிரெட் பாக்கெட்டைப் பிரித்து நின்றபடியே தின்றுவிட்டுப் படுத்துக்கொள்ளத்தான் தோன்றும். இந்தச் சிக்கலை வெறும் கண்காணிப்பு ஆய்வுகளால் முழுசாக அவிழ்க்க முடியாது.

அதனால்தான் ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா என்ற ஆய்வாளரின் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. மனச்சோர்வு உள்ள 67 பேரை இரண்டாகப் பிரித்து, 12 வாரம் ஒரு பிரிவுக்கு உணவு ஆலோசனை, இன்னொன்றுக்குப் பேச்சுத்துணை மட்டும். உணவை மாற்றியவர்களில் சுமார் 32 சதவீதம் பேர் நோய்க்குறிகள் அடங்கும் நிலைக்கு வந்தார்கள், மற்ற பிரிவில் 8 சதவீதம். ஆனால் மாற்றியது தானியத்தை மட்டுமல்ல, காய்கறி, பருப்பு, மீன், ஆலிவ் எண்ணெய் என்று மொத்த சாப்பாட்டையும். பெரும்பாலானவர்கள் மாத்திரையோ மனநல ஆலோசனையோ ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்தவர்கள். இதைக் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

என் அளவில் உணர்ந்தது சின்ன விஷயம். காலையில் வெள்ளை பிரெட்டும் ஜாமும் சாப்பிட்டால் பதினோரு மணிக்கெல்லாம் யார் கூப்பிட்டாலும் சள்ளென்று விழுவேன், முழு ஓட்ஸ் சாப்பிட்ட நாளில் அது குறைவு. மனநலம் என்று இதற்குப் பெரிய பெயர் வைக்க வேண்டாம், பசி மெதுவாக வருகிறது, அவ்வளவுதான்.

வாங்கும்போது 'மல்ட்டிகிரெயின்' என்ற எழுத்தை நம்பாதீர்கள், பல தானியம் என்றால் முழுதானியம் என்று அர்த்தமில்லை. பழுப்பு நிறம் கேரமலாகவும் இருக்கலாம். பொருள் பட்டியலில் முதலில் இருப்பது முழு கோதுமையா என்று பாருங்கள். அப்புறம், ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் வயிறு உப்பி, அந்த எரிச்சலே போதும் மூட் கெட. ஒரு வேளையில் ஆரம்பியுங்கள், தண்ணீரும் கொஞ்சம் கூடுதலாகக் குடியுங்கள்.