டிரம் பேனலுக்குப் புதுத் திரை, பழைய டிரைவ்

பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷெட். சுண்ணாம்பு டிரம்மின் பேனலில் இருந்த தொடுதிரை போய்விட்டதால் வேறு கம்பெனியின் திரை வாங்கி வைத்திருந்தார்கள். டிரம்மைச் சுற்றும் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பழையதுதான். இரண்டுக்கும் நடுவே ஆர்எஸ்-485 என்ற வகை சிக்னல் ஒயர், பேச்சு மோட்பஸ் ஆர்டியூ என்ற, கருவிகள் பேசிக்கொள்ளும் பொது மொழியில். திரையை மாட்டி கரண்ட் கொடுத்தால், வேகம் வர வேண்டிய இடத்தில் வெறும் நட்சத்திரக் குறிகள்.

மெயினை அணைத்துவிட்டுப் பார்த்தேன். ஒயர் நுனியெல்லாம் கறுத்திருந்தது. மயிர் நீக்க சோடியம் சல்பைடு போடும் இடத்தில் செம்பு இப்படித்தான் ஆகும். வெட்டி, புதிதாகச் சீவி மாட்டினேன்.

பேனல் கதவில் பாட் ரேட் (ஒயரில் தகவல் ஓடும் வேகம்) 19200 என்று பழைய சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதை நம்பாமல் டிரைவின் கீபேடிலேயே பார்த்தேன்: 9600, 8 டேட்டா பிட், ஈவன் பேரிட்டி (பிழை கண்டுபிடிக்கும் பிட்), 1 ஸ்டாப் பிட் (முடிவைக் காட்டும் பிட்), ஸ்லேவ் ஐடி (லைனில் டிரைவின் எண்) 3. திரையிலோ 19200, பேரிட்டி இல்லை, ஐடி 1. திரையைத்தான் டிரைவுக்கு ஏற்ப மாற்றினேன். பல டிரைவ்களில் இந்த செட்டிங்கை மாற்றினால் ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் ஏறும்; அது தெரியாமல் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் நிறைய. பேரிட்டி விஷயத்திலும் கவனம் வேண்டும். மோட்பஸ் விதிப்படி பேரிட்டி இல்லையென்றால் ஸ்டாப் பிட் 2 இருக்க வேண்டும். நடைமுறையில் பல கருவிகள் 1-தான் வைத்திருக்கும்.

அப்புறமும் பதில் இல்லை. லேப்டாப்பை யூஎஸ்பி கன்வர்ட்டர் வழியாக டிரைவில் நேராக மாட்டினேன், உடனே பதில் வந்தது. அப்படியென்றால் கோளாறு திரைப்பக்கம். திரையின் ஒரே 9 பின் சாக்கெட்டில் ஆர்எஸ்-232 என்ற வேறு வகைத் தொடர்பு, 485 இரண்டும் இருந்தன. மென்பொருளில் 485, இரண்டு ஒயர் என்று தேர்ந்தெடுத்தேன். ஏ, பி ஒயர்களையும் மாற்றிப் போட்டேன். ஒரு கம்பெனியின் ஏ இன்னொரு கம்பெனிக்கு பி. மாற்றிப் போட்டால் எதுவும் எரியாது, பேசாது, அவ்வளவுதான். "120 ஓம் ரெசிஸ்டர் போடலையா?" என்று எலக்ட்ரீசியன் அண்ணன் கேட்டார். நீளமான லைனில் சிக்னல் முனையில் மோதித் திரும்பாமல் இருக்க அது அவசியம். ஒரே பேனலுக்குள் ஓடும் ஒயருக்கு, அதுவும் 9600-ல், வேண்டாம்.

எண்கள் வந்தன, ஆனால் வேகத்தின் இடத்தில் ஆம்பியர். ஒவ்வொரு எண்ணும் டிரைவுக்குள் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு முகவரி உண்டு. டிரைவ் புத்தகம் 40001 என்று சொல்லும் முகவரியை ஒயரில் 0 என்றுதான் அனுப்ப வேண்டும். சில திரைகள் அந்த ஒன்றைத் தாமே கழித்துக்கொள்ளும், சில கழிக்காது. முகவரியில் ஒன்றைக் குறைத்ததும் 3250 வந்தது. இரண்டு தசமம் வைத்தால் 32.50 ஹெர்ட்ஸ்.

கடைசியாக, ஓடும்போது ஒயர் அறுந்தால் டிரைவ் என்ன செய்ய வேண்டும் என்று சூப்பர்வைசர் பாயிடம் கேட்டேன். "நின்னா பரவாயில்ல தம்பி, வேகம் மட்டும் ஏறக்கூடாது. சுண்ணாம்புல ஊறின தோலு, மேல்பக்கம் உரசிப் போயிடும்" என்றார். தொடர்பு அறுந்தால் டிரம் நின்று அலாரம் அடிக்கும்படி வைத்துவிட்டு, கதவில் இருந்த பழைய சீட்டைக் கிழித்துப் புதிது ஒட்டினேன்.