விசை கனத்தால் மரத்தைப் பார்

பழைய .303 துப்பாக்கி ஒன்று விசை (ட்ரிகர்) கனக்கிறது என்றோ, தொட்டாலே ஊசி விழுகிறது என்றோ மேசைக்கு வந்தால் பலருடைய கை முதலில் அரத்தைத்தான் தேடும். அந்த அரத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 மார்க் 1, அதன் குட்டைத் தம்பியான நம்பர் 5, இரண்டிலுமே கோளாறு பெரும்பாலும் இரும்பில் இருக்காது. மரத்தில் இருக்கும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இந்தத் துப்பாக்கியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1948 ஜூன் 16-ல் இங்கே தோட்டத் துரைமார் மூவர் சுடப்பட்டதும் மலாயா அவசரகாலம் வந்தது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. தோட்டங்களுக்குக் காவல் நின்ற ஸ்பெசல் கான்ஸ்டபிள்களின் தோளில் .303 தொங்கிய காலம் அது. இன்று மேசைக்கு வருவது பெரும்பாலும் காட்சிக்கு வைக்கும் உருப்படிதான். அதற்கும் 1960 ஆயுதச் சட்டம் உண்டு. உரிமம் இல்லாமல் வைத்திருக்கவும் கூடாது, பழுது பார்க்கவும் கூடாது. காகிதத்தில் உள்ள எண்ணும் உடலில் வெட்டிய எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் ஸ்குரூ டிரைவரைத் தொடாதீர்கள்.

முதலில் மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது. பிறகு போல்ட்டை உருவித் தனியே வைத்துவிடலாம். அதன் உள்ளே இருக்கும் ஊசியையும் ஸ்பிரிங்கையும் இந்த வேலைக்காகக் கழற்ற வேண்டியதில்லை. அதற்குத் தனிக் கருவி வேண்டும், அவசரமும் இல்லை.

அடுத்து விசைக் காப்பு, அதாவது விசையைச் சுற்றி நிற்கும் இரும்பு வளைவு. முன்னால் ஒரு ஸ்குரூ, பின்னால் ஒரு ஸ்குரூ. இரண்டின் வெட்டுக்கும் இறுக்கமாகப் பொருந்தும்படி ஸ்குரூ டிரைவரின் நுனியைத் தீட்டிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய ஆப்பு நுனி நழுவினால் வெட்டின் உதடு பிய்ந்துபோகும். அப்படிப் பிய்ந்த ஸ்குரூவைப் பார்த்தாலே முன்பு தொட்டவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். முன் ஸ்குரூ வெளியே வரும்போது, மரத்துக்குள் அது நுழையும் துளையில் ஒரு சிறு குழல் வளையம் இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த வளையத்தைப் பற்றியதுதான்.

மார்க் 1-ல் விசை தொங்குவது துப்பாக்கியின் இரும்பு உடலில் அல்ல, கழற்றிய அந்தக் காப்பில். ஆனால் விசை இழுக்க வேண்டிய சியரோ (பின்னிழுத்த ஊசியைப் பிடித்து நிறுத்தும் துண்டு) உடலில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது முன்கட்டை மரம். மழை மாதங்களில் மரம் ஊதினால் காப்பு கீழே தள்ளப்படும், விசை சியரைவிட்டு விலகும். முதல் இழுவை நீண்டு, இரண்டாவதன் தடம் மங்கும். வளையத்தைத் தொலைத்துவிட்டு ஸ்குரூவைப் பலமாக முறுக்கினால் நேரெதிர். மரம் நசுங்கி, காப்பு மேலே ஏறி, விசை சியரை எப்போதும் கொஞ்சம் அழுத்தியே நிற்கும். சியர் முழுதாக எழும்பாது, நுனியில் மட்டும் பிடிக்கும். தட்டினாலே விழும் துப்பாக்கி இதுதான். ராணுவத்துக்கே இது தெரிந்திருந்தது. 1949-ல் வந்த மார்க் 2-ல் விசையை உடலோடு சேர்த்துவிட்டார்கள்.

உடலின் அடியில் இப்போது சியரும், மேகசினைப் பிடித்து நிறுத்தும் கேட்சும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் V வடிவ ஸ்பிரிங் ஒன்று. ஒரு கால் சியரை மேலே தள்ளும், மறுகால் கேட்சைத் தள்ளும். அச்சாணியை எடுத்ததும் அது பாயும் திசை சிமெண்டுத் தரையாகவோ அலமாரிக்கு அடியாகவோதான் இருக்கும். அதனால் பழைய துணி ஒன்றைப் போர்த்தி, அதற்கு அடியில் வேலை செய்யுங்கள். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். பசைபோல் காய்ந்திருக்கும் பழைய சமையல் எண்ணெய் போனாலே பாதிக் கோளாறு தீரும் துப்பாக்கிகள் உண்டு. துடைத்துவிட்டு, தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

சியரின் மூக்கைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். விளிம்பு கூராக, பளபளப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். மழுங்கியிருந்தால் மாற்றுங்கள், தேய்க்காதீர்கள். கடினமான மேல்தோல் போய்விட்டால் அதற்குக் கீழே இருப்பது சீக்கிரம் தேயும்.

விசையின் முகத்தில் இரண்டு மேடுகள் இருக்கும். கீழ்மேடு சியரைப் பெரும்பகுதி இழுத்து வரும், பிறகு மேல்மேடு பொறுப்பேற்கும். விரலுக்கு இரண்டு கட்டமாகத் தெரிவது இதனால்தான். முதல் இழுவை 3 முதல் 4 ராத்தல், இரண்டாவது 5 முதல் 6½ ராத்தல். கொக்கித் தராசில் இழுத்துப் பார்த்தால் கிலோவில் சுமார் 1.4–1.8, 2.3–2.9.

கோக்கும்போது ஸ்பிரிங் சரியாக உட்காரவில்லை என்றால் மேகசின் தானாக நழுவும். அதுவே முதல் அறிகுறி. பிறகு முன்கட்டைத் துளையில் வளையத்தை வைத்து, காப்பைப் போட்டு, முன் ஸ்குரூவை முதலில் இறுக்குங்கள். வளையம் இரும்போடு இரும்பாக முட்டும் நேரத்தில் மரமும் பிடிபட வேண்டும். மரம் சுருங்கி ஆடினால் வளையத்தின் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். ஒவ்வொரு முறையும் திரும்ப மாட்டி, இழுவையைப் பாருங்கள். அரத்துக்கு இந்த ஒரு வேலையில்தான் அனுமதி. ஊதிய மரத்தைச் சீவ அவசரப்பட வேண்டாம். காயவிட்டு, ஆளிவிதை எண்ணெய் தடவி, மறுபடி அளந்து பாருங்கள்.

கடைசியில் போல்ட்டைப் போட்டு, வெற்று அறையோடு கொக்கியேற்றி (ஊசியைப் பின்னிழுத்து நிறுத்தி) சோதியுங்கள். பாதுகாப்புத் தாழை மாட்டி விசையை இழுங்கள், விடுங்கள், பிறகு தாழை எடுங்கள். அப்போது விழக்கூடாது. அடுத்து கொக்கியேறிய நிலையில் துப்பாக்கியின் பிட்டத்தை ரப்பர் பாய்மீது நாலைந்து முறை குத்துங்கள். அதிலும் விழக்கூடாது. விழுந்தால் வெளியே கொடுக்காதீர்கள், காப்பை மறுபடி கழற்றுங்கள். விழாமல் நின்றாலும் ஒரு வாரம் விட்டு, நல்ல மழைக்குப் பிறகு ஒரு முறை தராசை மாட்டிப் பாருங்கள். முதல் நாள் குறித்த எண் அன்று மாறியிருந்தால் மரம் இன்னும் அடங்கவில்லை.